இன்னொரு இன்டர்ஃபேஸ் வாங்கினால் தீர்ந்துவிடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டிலேயே பாட்டு பதிவு செய்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் ஒரு நாளிதழ் இந்த விஷயத்துக்கு இடம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம். அறையின் எதிரொலியைக் குறைப்பது, மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்று கட்டுரையாளர் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் கடைசிப் பத்தியில், இரண்டு மைக் போதாதவர்கள் இன்னொரு இன்டர்ஃபேஸை, அதாவது மைக்கின் ஒலியை எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டியை, வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகிக்கொண்டால் நான்கு மைக் ஆகிவிடும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். இதை நம்பி ஒருவர் காசு கொடுத்து வாங்கி, பாட்டுக்காரர்களை எல்லாம் கூட்டி உட்காரவைத்து, கடைசியில் எதுவும் ஒட்டாமல் போய், வீட்டில் இதெல்லாம் நடக்காது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நடக்கும், நன்றாகவே நடக்கும், வழிதான் வேறு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவு மென்பொருளில் எத்தனை டிராக் (தனித்தனியாகப் பதிவான ஒலி வரிசை) வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு கணக்கு, ஒரே நேரத்தில் எத்தனை டிராக் உள்ளே வரும் என்பது இன்னொரு கணக்கு. இரண்டு இன்புட் உள்ள பெட்டியை வைத்துக்கொண்டே நூறு டிராக் உள்ள பாட்டைச் செய்யலாம், ஒவ்வொன்றாகப் பதிவு செய்து அடுக்கிக்கொண்டே போனால் போதும். கிடார் கலைஞர் லெஸ் பால் ஆம்பெக்ஸ் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிய எட்டு டிராக் டேப் இயந்திரம் 1957-ல் அவர் கைக்கு வந்தது, அதில் அவர் செய்ததும் பெரும்பாலும் இந்த அடுக்கு வேலைதான். தனியாளாகப் பாட்டு கட்டுகிறவருக்கு இன்றைக்கும் இதுவே போதும், அவர் எதையும் விரிவாக்க வேண்டியதில்லை, அந்தப் பணத்தில் ஒரு நல்ல மைக் வாங்கலாம்.

ஆனால் நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கிற இசைக்கு அடுக்கு வேலை ஒத்துவராது. பாடுகிறவர் ஒரு வரியைக் கொஞ்சம் இழுத்தால் தாளக்காரர் அதற்கு இடம் கொடுப்பார், தாளக்காரர் ஒரு இடத்தில் வேகம் கூட்டினால் மற்றவர்கள் கூடவே எழும்புவார்கள். இவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து மெட்ரோனோமைக் காதில் போட்டுப் பதிவு செய்தால் எல்லா ஸ்வரமும் சரியாக இருக்கும், அந்த உயிர் மட்டும் இருக்காது. டிரம்ஸ் என்றால் ஒரே ஆள் வாசித்தாலும் கிக் (காலால் அடிப்பது), ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்), மேலே இரண்டு என்று குறைந்தது நான்கு மைக் ஒரே நேரத்தில் வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் எட்டு, பதினாறு என்று ஒரே சமயத்தில் பதிவாகும் டிராக்குகள் தேவை. கட்டுரையின் அந்த வரி இவர்களைத்தான் தவறான பக்கம் அனுப்புகிறது.

ஏன் தவறு? ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து எண்ணாக மாற்று என்று ஆணையிடுவது அந்தப் படிகத்தின் துடிப்புதான். இதைத்தான் க்ளாக் என்கிறோம். ஒரே சமயத்தில் சரிசெய்து சுவரில் மாட்டிய இரண்டு கடிகாரங்கள் சில மாதங்களில் ஆளுக்கொரு நேரம் காட்டுவதைப் போல, இரண்டு இன்டர்ஃபேஸ்களின் 48,000-மும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. ஒரே மாடலாக, ஒரே நாளில் வாங்கியதாக இருந்தாலும் இதே கதைதான். பத்து லட்சத்துக்கு முப்பது என்ற அளவில் வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம், சாதாரணக் கருவிகளுக்கு இது சகஜமான அளவு. ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் அது 9 மில்லிசெகண்ட். ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பதிவு செய்தால் 108 மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

9 மில்லிசெகண்ட் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். ஒலி அந்த நேரத்தில் மூன்று மீட்டர் போய்விடும். பாட்டு தொடங்கும்போது ஸ்னேருக்கு ஓரடி தள்ளியிருந்த மைக், பாட்டு முடியும்போது அறையின் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அதுவும் ஒரேயடியாக நகராமல் பாட்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. ஒரே ஒலியை இரண்டு மைக் பிடித்து, ஒன்று மற்றதைவிட 1 மில்லிசெகண்ட் பிந்தி வந்தாலே, இரண்டையும் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸ், 1,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில இடங்களில் ஒலி ஒன்றையொன்று அடித்துத் தின்றுவிடும். அந்தப் பிந்தல் மாறிக்கொண்டே போனால் தின்னப்படும் இடமும் மாறிக்கொண்டே போகும். முதல் சரணத்தில் கனமாக இருந்த டிரம்ஸ் கடைசிச் சரணத்தில் தகர டப்பா ஆகிறது, ஈக்வலைசரில் எவ்வளவு திருகினாலும் அது சரியாவதில்லை. இப்படி வந்த பதிவுகளை நண்பர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். மென்பொருளில் ஆரம்பத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு டிராக்கிலும் ஸ்னேர் அடி ஒரே கோட்டில் நிற்கும். அப்படியே கடைசிக்குப் போய் அதே அளவு பெரிதாக்கினால் ஒன்றின் அடி முன்னே, மற்றதன் அடி பின்னே. மைக்கைக் குறை சொல்வார்கள், அறையைக் குறை சொல்வார்கள், வாசித்தவரைக்கூடச் சொல்வார்கள். காரணம் க்ளாக்.

கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்தும் ஒரு தடை இருக்கிறது. விண்டோஸில் நம்முடைய ஒலிப்பதிவு மென்பொருள்கள் ஆசியோ டிரைவர் (மென்பொருளையும் கருவியையும் பேசவைக்கும் நிரல்) வழியாகத்தான் பெரும்பாலும் வேலை செய்கின்றன, 1997-ல் ஸ்டெயின்பெர்க் என்ற மென்பொருள் நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாடு அது. பெரும்பாலான மென்பொருள்களில் ஒரு நேரத்தில் ஒரு ஆசியோ டிரைவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டாவது பெட்டியைச் செருகினாலும் பட்டியலில் பெயர் வரும், ஆனால் ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். சில நிறுவனங்கள் தங்களுடைய கருவிகள் இரண்டு மூன்றை ஒரே டிரைவரில் சேர்க்க வழி வைத்திருக்கின்றன, ஆனால் அங்கேயும் பெட்டிகளின் க்ளாக்கைத் தனியாகக் கேபிள் போட்டு ஒன்றாக்க வேண்டியிருக்கும். மேக்கில் இயங்குதளமே இரண்டு கருவிகளை ஒன்றாகக் காட்டும் அக்ரிகேட் டிவைஸ் என்ற வசதியைத் தருகிறது, டிரிஃப்ட் கரெக்ஷன் என்ற பெட்டியில் டிக் போட்டால் ஒரு கருவியின் ஒலியை இன்னொன்றின் க்ளாக்குக்கு ஏற்ப மறுகணக்குப் போட்டுத் தரும். அவசரத்துக்கு அது உதவும், ஒத்திகையைப் பதிவு செய்ய அதுவே போதும் என்றுகூடச் சொல்வேன். நிரந்தர ஏற்பாட்டை அதன்மேல் கட்ட வேண்டாம்.

சரி, அப்படியானால் எப்படித்தான் கூட்டுவது? இருக்கிற இன்டர்ஃபேஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிறிய சதுரமான, மூடி போட்ட ஒரு துளை இருந்தால், பக்கத்தில் ஆப்டிக்கல் என்றோ ஏடாட் என்றோ எழுதியிருந்தால், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஏடாட் என்பது அலெசிஸ் நிறுவனம் 1991-ல் அறிவித்த எட்டு டிராக் டிஜிட்டல் டேப் இயந்திரத்தின் பெயர், எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் அது பதிவு செய்யும். அந்த இயந்திரங்களை ஒன்றோடொன்று இணைக்க, எட்டுச் சேனலை ஒரே ஒளியிழையில் அனுப்பும் ஒரு முறையை அவர்கள் செய்தார்கள். கேசட்டும் போய்விட்டது, இயந்திரமும் போய்விட்டது, அந்த முறை மட்டும் இன்றைக்கும் இன்டர்ஃபேஸ்களின் முதுகில் இருக்கிறது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எட்டுச் சேனல் ஒரே கேபிளில் வரும். கேபிளும் விசேஷமானதல்ல, டிவியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகுமே, அதே டாஸ்லிங்க் கேபிள்தான்.

இந்தத் துளைக்கு எதிரே வைக்க வேண்டியது எட்டு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருவது) உள்ள ஒரு எக்ஸ்பாண்டர். பெரிங்கரின் ஏடிஏ8200, ஃபோகஸ்ரைட்டின் ஆக்டோப்ரீ எல்லாம் இந்த இனம். எட்டு மைக்கைச் செருகினால் எட்டையும் எண்ணாக மாற்றி ஒளியில் அனுப்பும். கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது, அதன் கணக்கில் ஒரே இன்டர்ஃபேஸ், ஒரே டிரைவர், கூடுதலாக எட்டு இன்புட், அவ்வளவுதான். இந்த வழியின் அழகே அதில்தான் இருக்கிறது என்பேன்.

இங்கேயும் க்ளாக்கை ஒருமுறை சரியாக அமைத்தே ஆக வேண்டும். இரண்டு பெட்டியில் ஒன்றுதான் ஆணையிட வேண்டும், மற்றது கேட்டு நடக்க வேண்டும். எக்ஸ்பாண்டரிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரே ஒரு கேபிள் போட்டிருந்தால் எக்ஸ்பாண்டர்தான் ஆணையிடும் பெட்டி: அதில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துவிட்டு, இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டு மென்பொருளில் க்ளாக் சோர்ஸ் என்ற இடத்தில் இன்டர்னல் என்றிருப்பதை ஏடாட் என்று மாற்ற வேண்டும். இதில் ஒரு அசௌகரியம், எக்ஸ்பாண்டரை அணைத்துவிட்டால் இன்டர்ஃபேஸ் க்ளாக் இல்லாமல் தவிக்கும். அதனால் எனக்குப் பிடித்தது இரண்டு கேபிள் முறை. இன்டர்ஃபேஸின் ஆப்டிக்கல் அவுட்டிலிருந்து எக்ஸ்பாண்டரின் இன்னுக்கு ஒன்று, எக்ஸ்பாண்டரின் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் இன்னுக்கு ஒன்று. இன்டர்ஃபேஸ் இன்டர்னலிலேயே இருக்கட்டும், எக்ஸ்பாண்டரின் பின்னால் உள்ள சிங்க் சுவிட்சை ஏடாட் இன் என்று திருப்பிவிடுங்கள். இரண்டு பெட்டியிலும் பிஎன்சி துளை இருந்தால் க்ளாக்கை மட்டும் கொண்டுபோகும் வேர்ட் க்ளாக் கேபிள் போட்டும் இதைச் செய்யலாம், ஆனால் அது 75 ஓம் கேபிளாக இருக்க வேண்டும். இரண்டே பெட்டிக்கு ஒளியிழையே போதும், வேர்ட் க்ளாக்குக்காகத் தனியாக எதையும் வாங்க வேண்டாம்.

இந்த அமைப்பை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றால், ஒலி வரும். அதுதான் ஆபத்து. எட்டுச் சேனலும் வேலை செய்வதுபோலத் தெரியும், நடுநடுவே டிக், டிக் என்று சின்னச் சின்ன வெடிப்புகள் மட்டும் விழும். டிரம்ஸ் சத்தத்தில் அது காதில் படாது, மெதுவான ஒரு பாட்டைப் பதிவு செய்யும்போதுதான் தெரியும், அதற்குள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆகவே அமைத்து முடித்ததும் எக்ஸ்பாண்டரில் நிலையான ஒரு ஒலியை, கீபோர்டில் ஒரே கட்டையை அமுக்கி வைத்தால்கூடப் போதும், ஐந்து நிமிடம் பதிவு செய்து ஹெட்போனில் பொறுமையாகக் கேளுங்கள். ஒரு டிக்கூட இல்லை என்றால் க்ளாக் பிடித்துவிட்டது.

ஒலியே வரவில்லை என்றால் பெரும்பாலும் சின்னக் காரணம்தான் இருக்கும். புதுக் கேபிளின் முனையில் ஒரு குட்டி பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், அதைக் கழற்றாமல் செருகுகிறவர்கள் உண்டு. எந்தத் துளை அவுட், எந்தத் துளை இன் என்று சந்தேகம் வந்தால், கேபிளின் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், வெளிச்சம் வருவது அவுட். இன்னொன்று, பல இன்டர்ஃபேஸ்களில் அந்த ஒரே துளையை ஏடாட் ஆகவும் எஸ்பிடிஃப் ஆகவும் மென்பொருளில் மாற்றி வைக்கலாம். எஸ்பிடிஃப் என்றால் இரண்டு சேனல்தான், அது அப்படி வைக்கப்பட்டிருந்தால் எட்டு வராது. கேபிளை மடக்கி முறுக்கி மேசைக்குப் பின்னால் திணிக்காதீர்கள், ஐந்து மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது (ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள்) என்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால்தான் தரம் என்று பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். ஏடாட் கேபிளில் 96 வைத்தால் எட்டுச் சேனல் நான்காகிவிடும், 192 வைத்தால் இரண்டு. சில எக்ஸ்பாண்டர்கள் 48-க்கு மேல் போவதே இல்லை. வீட்டு அறையில், பக்கத்து மைக்கின் சத்தமெல்லாம் கலந்து வருகிற பதிவில், 48-க்கும் 96-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுச் சொல்லிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. 48-ல் வையுங்கள், எட்டுச் சேனலையும் வாங்கிக்கொள்ளுங்கள். 24 பிட் மட்டும் கட்டாயம் இருக்கட்டும், அது இருந்தால் மைக் அளவைத் தாராளமாகக் குறைத்து வைக்கலாம், மிக உரத்த இடத்திலும் மீட்டர் -12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தால் யாராவது திடீரென்று ஓங்கிப் பாடினாலும் உடையாது.

கம்ப்யூட்டர் தாங்குமா, ஹார்ட் டிஸ்க் தாங்குமா என்ற கவலை அநாவசியம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி பிடிக்கும், பதினாறு டிராக் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 8.3 ஜிபி. யுஎஸ்பி 2.0-வின் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், பதினெட்டுச் சேனல் உள்ளே, பதினெட்டுச் சேனல் வெளியே என்று ஓடினாலும் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பழைய லேப்டாப் போதும்.

இப்போது பெட்டியில் அச்சிடும் எண்ணுக்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு இன்டர்ஃபேஸின் பெயரிலேயே 18 என்ற எண் இருக்கும், 18 இன்புட் என்று பெட்டியிலும் போட்டிருக்கும். ஆசையாக வாங்கிப் பிரித்துப் பார்த்தால் மைக் செருகும் துளை எட்டுத்தான். மீதி எங்கே? ஏடாட் வழியாக வரக்கூடியது எட்டு, எஸ்பிடிஃப் வழியாக இரண்டு, ஆக மொத்தம் பதினெட்டு. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20, பெரிங்கர் யுஎம்சி1820 இரண்டுக்கும் கணக்கு இதுதான். இன்னும் சில மாடல்களில் பதினெட்டு என்று போட்டிருந்தும் மைக் ப்ரீஆம்ப் நான்குதான் இருக்கும், மற்ற நான்கு லைன் இன்புட். லைன் இன்புட்டில் கீபோர்டைச் செருகலாம், மைக்கை நேராகச் செருக முடியாது, நடுவில் தனி ப்ரீஆம்ப் வேண்டும். எண்ணில் பொய் இல்லை, ஆனால் அனுபவம் இல்லாதவர் அதை எப்படிப் படிப்பார் என்பது விற்கிறவர்களுக்குத் தெரியாததல்ல.

இதேபோல இன்னொரு குழி, யுஎஸ்பி வசதி உள்ள சாதாரண மிக்ஸர்கள். முகப்பில் பன்னிரண்டு சேனல், பதினாறு சேனல் என்று வரிசையாகக் குமிழ்கள் இருக்கும், பின்னால் யுஎஸ்பி துளையும் இருக்கும், ஆனால் பெரும்பாலானவற்றில் யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போவது எல்லாம் கலந்த ஸ்டீரியோ, இரண்டே டிராக். பாடகர் குரலை மட்டும் அப்புறம் கொஞ்சம் கூட்டலாம் என்று நினைத்தால் முடியாது, கலந்தது கலந்ததுதான். டிஜிட்டல் மிக்ஸர்கள் வேறு. பெரிங்கரின் எக்ஸ்ஆர்18 பதினாறு மைக் ப்ரீஆம்ப்களோடு பதினெட்டுச் சேனலையும் தனித்தனியாகவே யுஎஸ்பியில் அனுப்பும், எக்ஸ்32 முப்பத்திரண்டை அனுப்பும். இரண்டு இன்புட் பெட்டியில் இருப்பவர், அதில் ஆப்டிக்கல் துளையும் இல்லாதவர், நேராகப் பதினாறுக்குப் போக விரும்பினால், எட்டு மைக் இன்டர்ஃபேஸும் எக்ஸ்பாண்டரும் வாங்குவதா, இப்படி ஒரு மிக்ஸராக வாங்குவதா என்று யோசிக்க வேண்டும். மேடை நிகழ்ச்சியும் செய்கிறவர் என்றால் மிக்ஸர். வீட்டைவிட்டு நகராத ஏற்பாடு என்றால் இன்டர்ஃபேஸும் எக்ஸ்பாண்டரும், ஏனென்றால் எட்டை இன்றைக்கும் மீதி எட்டைப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம்.

எக்ஸ்பாண்டர் சேர்த்தவர்களுக்கு ஒரு நுணுக்கம். க்ளாக் ஒன்றாக இருந்தாலும் இரண்டு பெட்டிகளும் ஒலியை எண்ணாக மாற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றாக இருக்காது. எக்ஸ்பாண்டர் வழியாக வருவது சில சாம்பிள்கள் பிந்தி வரலாம். 12 சாம்பிள் பிந்தினால் 48 கிலோஹெர்ட்ஸில் கால் மில்லிசெகண்ட், ஆனால் ஒரே வாத்தியத்தின் இரண்டு மைக்குகளில் ஒன்று இந்தப் பெட்டியிலும் மற்றது அந்தப் பெட்டியிலும் இருந்தால் 2,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குழி விழ அதுவே போதும். இது நகராத வித்தியாசம் என்பதால் சரிசெய்வது சுலபம். ஒரே ஒலியைப் பிரித்து இரண்டு பெட்டிகளுக்கும் கொடுத்துப் பதிவு செய்து, எத்தனை சாம்பிள் தள்ளியிருக்கிறது என்று திரையில் எண்ணிக் குறித்துவைத்துக்கொண்டால், ஒவ்வொரு பதிவிலும் எக்ஸ்பாண்டர் டிராக்குகளை அந்த அளவு முன்னால் நகர்த்திவிடலாம். அதைவிடச் சுலபம், டிரம்ஸ் மைக்குகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் செருகுவது, குரலும் கிடாரும் கீபோர்டும் மற்றதில்.

இதுவரை பெட்டிகளைப் பற்றியே பேசினேன், ஆனால் மைக் கூடக்கூட வேலை கூடுவது அறைக்குள்தான். எட்டு மைக் வைத்தால் எட்டும் எல்லாவற்றையும் கேட்கும். பாடகரின் மைக்கில் ஸ்னேர் விழும், ஸ்னேர் மைக்கில் கிடார் விழும். ஒரு மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது தள்ளி அடுத்த மைக் இருக்கட்டும் என்று ஒரு பழைய விதி சொல்வார்கள், தொடங்குவதற்கு அது நல்ல விதி. மைக்கின் முதுகுப் பக்கம்தான் குறைவாகக் கேட்கும், அந்த முதுகை எந்த வாத்தியத்துக்குக் காட்டுவது என்று யோசித்து வைத்தாலே பாதிக் கலப்படம் போய்விடும். மிருதங்கம்போல இரண்டு பக்கம் தோல் உள்ள வாத்தியத்துக்கு இரண்டு பக்கமும் மைக் வைக்கும்போது, ஒன்றின் துருவத்தைத் திருப்பிப் பாருங்கள், ஃபேஸ் பட்டன் என்று சொல்கிறோமே, அதுதான். எந்த நிலையில் அடிச்சத்தம் கனமாக இருக்கிறதோ அதுவே சரி, கண்ணை மூடிக்கொண்டு காதால் முடிவு செய்யுங்கள். ஸ்னேருக்கு மேலும் கீழும் வைத்தாலும் இதே சோதனைதான்.

எக்ஸ்பாண்டர்கள் பலவற்றில், சில மைக்குகளுக்குக் கேபிள் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்துக்கு எட்டுச் சேனலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் இருக்கும். சாதாரண டைனமிக் மைக்குகளுக்குச் சரியான எக்ஸ்எல்ஆர் கேபிளில் அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் பழைய ரிப்பன் மைக் (அந்த மின்சாரம் அதைக் கெடுத்துவிடலாம்) வைத்திருக்கிறவர்கள் அதை அந்தப் பெட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம் ஹெட்போன். டிராக்கைக் கூட்டுகிற யோசனையில் எல்லாரும் மறப்பது இதைத்தான். ஐந்து பேர் வாசிக்கிறார்கள், ஐந்து பேரும் கேட்க வேண்டும், இன்டர்ஃபேஸில் ஹெட்போன் துளை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பிரிப்பான் போட்டு நான்கு பேருக்குக் கொடுத்தால் யாருக்கும் சரியாகக் கேட்காது, கேட்காத பாடகர் கத்திப் பாடுவார், அந்தக் கத்தல் பதிவில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். நான்கு துளை உள்ள ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர், ஆளுக்கொரு குமிழோடு, எக்ஸ்பாண்டர் வாங்கும்போதே சேர்த்து வாங்க வேண்டிய பொருள். கேட்பதைக் கம்ப்யூட்டர் வழியாகக் கொடுக்காமல் இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் மிக்ஸர் வழியாக நேராகக் கொடுங்கள், அப்போது தாமதம் உணரவே முடியாத அளவுக்குத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் பஃபரை (அது ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கையை) 512 என்று தாராளமாக வைத்துவிட்டு அது திணறாமல் பதிவு செய்ய விடலாம். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது, அந்த உள் மிக்ஸரில் ஏடாட் சேனல்களும் வருமா என்பது. சில சிறிய மாடல்களில் முகப்பில் உள்ள மைக்குகள் மட்டும்தான் வரும்.

உம்ம்ம் என்ற இரைச்சல் வந்தால் எல்லாப் பெட்டிகளுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ஒளியிழையில் மின்சாரம் ஓடுவதில்லை என்பதால் ஏடாட் கேபிள் வழியாக அந்த இரைச்சல் வரவே முடியாது, சந்தேகத்தை மற்றக் கேபிள்கள் பக்கம் திருப்பலாம்.

ஒன்றும் வாங்க முடியாத நிலையில் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். கையில் தனித்தனியாக இரண்டு கருவிகள் இருக்கின்றன, பதிவு செய்தே ஆக வேண்டும் என்றால் செய்யலாம். இரண்டையும் தனித்தனிக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாலும் பின்னாலும் அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். முதல் தட்டலை வைத்து ஆரம்பத்தைச் சேர்க்கலாம், கடைசித் தட்டலை வைத்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து ஒன்றின் நீளத்தை அந்த அளவுக்கு இழுக்கவோ சுருக்கவோ செய்யலாம். நான் சொன்னதுபோல ஒரே வாத்தியத்தின் மைக்குகளை இரண்டு கருவிகளுக்குப் பிரிக்காமல் இருந்தால் கேட்கத் தகுந்ததாகவே வரும். மணிக்கணக்கான பதிவுக்கு இது வேண்டாம், பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி எடுங்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள், இரண்டே வரி போதும்: இரண்டாவது இன்டர்ஃபேஸை வாங்குவதற்கு முன் இருக்கிற பெட்டியில் ஆப்டிக்கல் இன்புட் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஏடாட் எக்ஸ்பாண்டர் வாங்குங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு இந்த வாரமே கடைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள்.

இரண்டாவது, கருவிகளைப் பற்றி உங்கள் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் பெட்டியில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துப் போடாமல், ஒரே நேரத்தில் எத்தனை மைக் செருகலாம், அதில் எத்தனை டிராக் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும், ஹெட்போன் துளை எத்தனை, ஆப்டிக்கல் இன்புட் உண்டா இல்லையா என்ற நான்கையும் எழுதச் சொல்லுங்கள். கருவி செய்கிறவர்களும் இதைப் பெட்டியின் மேலேயே அச்சிடலாம், அவர்களுக்கு இதில் ஒரு செலவும் இல்லை.

இப்படிக்கு,
வீட்டில் ஒலிப்பதிவு செய்யும் ஒரு வாசகர்